கீசர் ரிப்பேர்: எங்க மிச்சம் பிடிக்கலாம், எங்க கூடவே கூடாது

வரி, எஸ்ஐபி, ஹோம் லோன்னு பேசுற இடத்துல கீசருக்கு என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். ஒரு 350 ரூபாய் செலவுதான் காரணம்.

என் ஆபீஸ்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி, ரெண்டு நண்பர்களோட வாடகை ஃபிளாட்ல இருக்கார். மார்கழி ஆரம்பத்துல அவங்க வீட்ல ஒரு தொல்லை. கீசர் போட்ட கொஞ்ச நேரத்துல வீடு மொத்தமும் கரண்ட் போயிடும். தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாங்க. அவர் வந்து பத்தே நிமிஷத்துல "சரி" பண்ணிட்டார். எப்படின்னா, போர்டுல இருந்த ஆர்சிசிபியைக் கழட்டிட்டு வயரை நேரா கொடுத்துட்டார். "இனிமே ட்ரிப்பே ஆகாது தம்பி"ன்னு சொல்லி 350 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டார். ரெண்டு வாரம் கழிச்சு டீக்கடையில அந்தத் தம்பி சிரிச்சுக்கிட்டே சொல்றார்: "சார், இப்பல்லாம் ஷவர் குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது, தூக்கம் நல்லா கலையுது."

டீயைக் கீழ வச்சிட்டு, வீட்ல இருந்த ரூம்மேட்டுக்கு அங்கேயே போன் போடச் சொன்னேன். கீசரோட எம்சிபியை ஆஃப் பண்ணு, யாரும் குளிக்கக் கூடாது. மறுநாள் வேற ஒரு டெக்னீஷியன் வந்து திறந்து பார்த்தப்போ, ஹீட்டிங் எலிமென்ட்டோட உறை வெடிச்சு தண்ணிக்குள்ள கரண்ட் கசிஞ்சுக்கிட்டிருந்தது. சாக்கெட்டுல எர்த் வயரும் கழண்டு கிடந்தது. ஆர்சிசிபி ஒவ்வொரு தடவையும் விழுந்தது கோளாறு இல்லை, அது தன் வேலையைத்தான் செஞ்சிருக்கு. நாய் குரைக்குதேன்னு நாயை விரட்டிட்டு, திருடனை நடுவீட்ல உட்கார வச்ச கதை.

இதே தம்பி போன வருஷம்தான் என்கிட்ட கேட்டு 1 கோடி ரூபாய்க்கு டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்தார். அது நாம போன பிறகு வீட்டுக்குப் பணம் தரும். ஆர்சிசிபி நம்மளைப் போக விடாது. ஆள் கூலியோட சேர்த்தாலும் பெரும்பாலும் 3,000 ரூபாய்க்குள்ள முடியிற விஷயம். அதனால கீசர் பழுதானா எதுல காசை மிச்சம் பிடிக்கலாம், எதுல ஒரு ரூபாய் கூட பிடிக்கக் கூடாதுன்னு இன்னிக்குப் பார்த்துடலாம்.

முதல்ல எம்சிபிக்கும் ஆர்சிசிபிக்கும் உள்ள வித்தியாசம். நிறைய பேர் ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. எம்சிபி வயரைக் காப்பாத்த இருக்கு. 16 ஆம்பியர் எம்சிபி, அதுக்கு மேல கரண்ட் ஓடினாத்தான் விழும். அதுல ஐநூறில் ஒரு பங்கு கரண்ட் உடம்பு வழியா போனாலே உயிருக்கு ஆபத்து, எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆர்சிசிபி செய்யறது வேற. உள்ள போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். எங்க பாஷையில சொன்னா, டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகணும். 30 மில்லி ஆம்பியர் உதைச்சாலே, அந்தக் கரண்ட் எங்கயோ கசியுதுன்னு அர்த்தம், கண் இமைக்கிறதுக்குள்ள துண்டிச்சிடும்.

உங்க வீட்டு போர்டைத் திறந்து பாருங்க. சாதாரண எம்சிபியை விட அகலமா, 'டெஸ்ட்'னு ஒரு சின்ன பட்டனோட ஒண்ணு இருக்கணும், மேல 30 மில்லி ஆம்பியர்னு எழுதியிருக்கணும். மாசம் ஒரு தடவை அந்தப் பட்டனை அழுத்துங்க. டப்புன்னு விழணும். விழலைன்னா அது இருந்தும் இல்லாத மாதிரிதான். சில வீடுகள்ல 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் போட்டிருப்பாங்க. அது தீ விபத்துக்கு உதவும், ஷாக்குக்குப் போதாது.

ஸ்க்ரூடிரைவர் எடுக்காம நீங்களே பார்க்கக்கூடியது

கீசர்ல நானே பழுது பார்க்கிறதுக்கு ஒரே ஒரு எல்லைதான் வச்சிருக்கேன். ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டா அது என் வேலை இல்லை. மூடியைத் திறந்தா 230 வோல்ட் டெர்மினல் வெளியில தெரியும், பக்கத்துலயே தண்ணி. யூடியூப் பார்த்து லேப்டாப்புக்கு ரேம் மாத்துற மாதிரி இல்லை இது.

ஆனா மூடியைத் திறக்காமலே பாதி பிரச்சினையைக் கண்டுபிடிச்சிடலாம். எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் கை காய்ஞ்சிருக்கணும், கால்ல செருப்பு இருக்கணும், கீசர் எம்சிபி ஆஃப்ல இருக்கணும். சுவத்துல இருக்கிற சுவிட்சை மட்டும் அணைச்சா போதாது. பழைய வயரிங்ல பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தா, சுவிட்சை அணைச்ச பிறகும் கீசருக்குள்ள கரண்ட் நிக்கும். எம்சிபியை அணைச்சிட்டு, எட்டுற இடத்துல பிளக் இருந்தா அதையும் உருவிடுங்க.

லைட்டே எரியலையா? எம்சிபி விழுந்திருக்கான்னு பாருங்க. விழுந்திருந்தா ஒரே ஒரு தடவை மேல தூக்கலாம். திரும்ப விழுந்தா அதோட நிறுத்திடுங்க. மறுபடி மறுபடி தூக்குறது, டேப் போட்டு ஒட்டுறது, பெரிய ஆம்பியர் எம்சிபி மாத்தச் சொல்றது எல்லாம் வயரை எரிக்கிற வேலை. கீசர் போட்டா மட்டும் ஆர்சிசிபி விழுதுன்னா, கீசர்ல கசிவுன்னு எடுத்துக்குங்க. டெக்னீஷியன் வர்ற வரைக்கும் அடுப்புல வெந்நீர்.

எம்சிபி சரியா இருக்குன்னா சாக்கெட்டைப் பாருங்க. பிளக் முனை கருத்திருக்கா, பிளாஸ்டிக் உருகின வாசனை வருதா? 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர். இதுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டுதான் வேணும். 6 ஆம்பியர் சாக்கெட்ல அடாப்டர் மாட்டி ஓட்டுற பேச்சிலர் ரூம்கள் நிறைய பார்த்திருக்கேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். கருகின சாக்கெட்டை மாத்துறது சில நூறு ரூபாய் செலவு, கீசருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

லைட் எரியுது, ஆனா தண்ணி சூடாகலை. இங்கதான் நிறைய பேர் தேவையில்லாம காசு கொடுக்கிறாங்க. ஒரு சின்ன கணக்கு வச்சுக்குங்க. 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டு போக சுமார் 0.6 யூனிட் கரண்ட் வேணும். 2 கிலோவாட் எலிமென்ட்டுக்கு அது கிட்டத்தட்ட 20 நிமிஷ வேலை. நாப்பைச் சுத்தி அதிகபட்சத்துல வச்சு, 25 நிமிஷம் ஓட விட்டு, எம்சிபியை ஆஃப் பண்ணிட்டு, வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து மக்குல பிடிச்சுப் பாருங்க. கையை உடனே விடாதீங்க, கொதிக்கலாம். ஆவி வந்தா கீசர் நல்லாவே இருக்கு, தப்பு குழாய்லதான். ஷவர் மிக்ஸர்ல ரெண்டு பக்கமும் திறந்து விட்டுட்டு முனையில மட்டும் அடைச்சு வச்சிருந்தா, பச்சைத்தண்ணி வெந்நீர்க் குழாய்க்குள்ள ஏறிடும்.

அதே கணக்குல இன்னொண்ணு. 60 டிகிரியில இருக்கிற 15 லிட்டரை பச்சைத்தண்ணியோட கலந்தா, குளிக்கிற சூட்டுல சுமார் 35 லிட்டர் கிடைக்கும். ரெண்டு பக்கெட். மூணாவதா குளிக்கிற ரூம்மேட்டுக்கு வெதுவெதுன்னு வருதுன்னா அது பழுது இல்லை, வரிசைப் பிரச்சினை. இருபது நிமிஷம் காத்திருக்கச் சொல்லுங்க.

வெந்நீர் நூல் மாதிரி வருது, பச்சைத்தண்ணி நல்லா வருதுன்னா பெரும்பாலும் உப்பு அடைப்பு. ஓஎம்ஆர், வேளச்சேரி பக்கம் போர் தண்ணியிலும் லாரி தண்ணியிலும் இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். கடினத் தண்ணி சூடாகும்போது சுண்ணாம்பு மாதிரி படியும், எலிமென்ட் மேலயும் அதே அடை ஏறும். கீசர் ஓடும்போது உள்ள கடகடன்னு சத்தம் கேட்டா அதுதான். அடை கட்டின எலிமென்ட் தன் சூட்டைத் தண்ணிக்குக் கொடுக்க முடியாம தானே வெந்து வெடிக்கும். நம்ம தம்பி வீட்ல நடந்தது அதுதான். இந்த மாதிரி தண்ணி உள்ளவங்க வருஷம் ஒரு தடவை சர்வீஸ் பண்றது வீண் செலவு இல்லை. அப்போ ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்க. டேங்குக்கு பதிலா தான் அரிச்சுப் போறதுக்குன்னே வச்ச மெக்னீசியம் தண்டு அது. அது தீர்ந்த பிறகும் மாத்தலைன்னா அரிப்பு டேங்கு பக்கம் திரும்பும். டேங்கு ஓட்டையானா கீசரே போச்சு.

கீழ இருக்கிற சேஃப்டி வால்வுல சொட்டுதேன்னு பயந்து எம்-சீல் போட்டு அடைக்கிறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. தண்ணி சூடாகும்போது விரியும். 15 லிட்டர் 60 டிகிரிக்குப் போனா சுமார் 200 மில்லி கூடும், ஒரு டம்ளர் அளவு. அது வெளியேறத்தான் அந்த வால்வு. கீசர் ஓடும்போது மட்டும் சொட்டினா இயல்பு. அணைச்சு ஆறின பிறகும் நிக்காம ஒழுகினா, வால்வு போயிருக்கலாம், அல்லது மாடித் தொட்டியிலிருந்து பிரஷர் பம்பு வச்ச அபார்ட்மென்ட்ல அழுத்தம் அதிகமா இருக்கலாம். வால்வு சின்ன செலவு. அதை அடைச்சு வச்சு, கூடவே தெர்மோஸ்டாட்டும் பழுதானா, உள்ள அழுத்தம் ஏறி டேங்கு வெடிக்கிற அளவுக்குப் போகலாம்.

தொட்டி கழுவின அன்னிக்கு, மோட்டார் ஓடாத அன்னிக்கு இன்னொரு கவனம். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காத்து போய் தண்ணி ஒரே சீரா வர்ற வரைக்கும் கீசரைப் போடாதீங்க. தண்ணியில்லாத டேங்குல எலிமென்ட் சீக்கிரமே கருகிடும்.

குழாயைத் தொட்டா சுர்ருங்குது, ஆவி பறந்து குழாயில கொதிநீர் துப்புது, எரியிற வாசனை வருது. இந்த மூணுல எது வந்தாலும் ஆராய்ச்சி வேண்டாம். காய்ஞ்ச கையால எம்சிபியை, சந்தேகமா இருந்தா மெயினையே அணைச்சிட்டு பாத்ரூமைப் பூட்டிடுங்க. டெஸ்டர் லைட் எரியலைன்னு நம்பி உள்ள போகாதீங்க, அது எப்பவும் சரியா காட்டாது. உள்ள யாருக்காவது ஷாக் அடிச்சிருந்தா முதல்ல மெயின் ஆஃப், அதுக்கப்புறம்தான் அவங்களைத் தொடணும், 108 கூப்பிடணும். பதறிப் போய் முதல்ல பிடிச்சு இழுத்தவங்களும் சேர்ந்து மாட்டிக்கிறது இதனாலதான்.

வாட்டர் ஹீட்டர் ராடு வச்சிருக்கிற பிஜி நண்பர்களுக்கு ஒரு வரி: பிளக்கை உருவின பிறகுதான் பக்கெட்ல விரல் வைக்கணும், சுவிட்சை அணைச்ச பிறகு இல்லை.

டெக்னீஷியன் வந்தா ஆதாரம் கேளுங்க

ஆடிட்ல "நம்பிக்கையா சொன்னாங்க"ன்னா நாங்க கையெழுத்துப் போட மாட்டோம், ஆதாரம் கேப்போம். இங்கயும் அதே. "எலிமென்ட் போச்சு சார், தெர்மோஸ்டாட்டும் போச்சு, 2,800 ஆகும்"னு சொன்னா, மல்டிமீட்டர்ல காட்டச் சொல்லுங்க. கரண்ட் அணைச்சு, வயரைக் கழட்டிட்டு அவர்தான் அளக்கணும், நீங்க தள்ளி நின்னு ஸ்கிரீனை மட்டும் பாருங்க. 2 கிலோவாட் எலிமென்ட் 26 ஓம் ஒட்டிக் காட்டணும், 3 கிலோவாட்னா 17, 18. அந்த எண் வந்தா எலிமென்ட்டோட கம்பி உயிரோட இருக்கு. எண்ணே வரலைன்னா உண்மையிலேயே போச்சு.

அடுத்து, எலிமென்ட் முனைக்கும் கீசர் பாடிக்கும் நடுவுல அளக்கச் சொல்லுங்க. அங்க எந்த எண்ணும் வரக் கூடாது. வந்தா கசிவு, மாத்தித்தான் ஆகணும், பேரமே வேண்டாம். சில கசிவு சூடாகும்போது மட்டும்தான் தலைகாட்டும். அதனால மீட்டர்ல சரியா இருந்தும் ஆர்சிசிபி விழுதுன்னா, மெக்கர் வச்சிருக்கிற ஆளைத்தான் கூப்பிடணும்.

சில நேரம் எலிமென்ட்டும் நல்லா இருக்கும், தெர்மோஸ்டாட்டும் நல்லா இருக்கும், தெர்மல் கட்-அவுட் மட்டும் விழுந்திருக்கும். சூடு வரம்பு மீறினா தானா துண்டிக்கிற பாகம் அது. நிறைய மாடல்ல ஒரு பட்டனை அழுத்தினா திரும்ப வேலை செய்யும். என் வீட்லயே ஒரு சர்வீஸ் சென்டர் ஆள் 3,200 ரூபாய் எஸ்டிமேட் எழுதினார். ரெண்டாவதா வந்தவர் அந்தப் பட்டனை அழுத்திட்டு, அடை கட்டின எலிமென்ட்டைச் சுத்தம் பண்ணிட்டு 600 ரூபாய் வாங்கினார். ஆனா பட்டனை மட்டும் அழுத்திட்டுப் போக விடாதீங்க. எதனால விழுந்ததுன்னு அவர் சொல்லணும்.

போன்லயே விசிட்டிங் சார்ஜ் எவ்வளவுன்னு கேட்டுக்குங்க. மாத்தின பழைய பாகத்தைக் கையில வாங்குங்க. வேலை முடிஞ்சதும் எர்த் இருக்கான்னு சோதிச்சுக் காட்டச் சொல்லி, உங்க கண் முன்னாடியே ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க. பில்லுல ஜிஎஸ்டின்னு தனியா போட்டிருந்தா ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாருங்க. பதிவு பண்ணாத சின்ன மெக்கானிக் ஜிஎஸ்டி வாங்காம வேலை செய்யறது தப்பே இல்லை. நம்பர் இல்லாம ஜிஎஸ்டி வசூலிக்கிறதுதான் தப்பு.

இதுக்கெல்லாம் முன்னாடி வாரண்டியைப் பாருங்க. டேங்குக்கு ஒரு வாரண்டி, எலிமென்ட்டுக்கு ஒரு வாரண்டி, மொத்த கீசருக்கு ஒரு வாரண்டின்னு தனித்தனியா இருக்கும், டேங்குக்குத்தான் அதிக வருஷம். பில்லு எங்கன்னு தெரியாம, இலவசமா கிடைக்க வேண்டிய பாகத்துக்குக் காசு கொடுக்கிறவங்க ஏராளம். வாங்கின அன்னிக்கே பில்லை போட்டோ எடுத்து மெயில்ல உங்களுக்கே அனுப்பி வைங்க. வாரண்டி இருந்தும் கம்பெனி இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு ஒரு போன் போடுங்க.

மாத்தலாமா, ரிப்பேர் பண்ணலாமா? நான் பின்பற்றுற அளவு இது: டேங்கு ஓட்டைன்னா மாத்திடுவேன். ஏழெட்டு வருஷம் ஆகி, ரிப்பேர் செலவு புது கீசர் விலையில பாதியைத் தொட்டாலும் மாத்திடுவேன். புதுசு வாங்கினா ஐஎஸ்ஐ முத்திரையும் ஸ்டார் லேபிளும் பாருங்க. ஸ்டோரேஜ் கீசர்ல ஸ்டார் சொல்றது, சூடான தண்ணி சும்மா நிக்கும்போது எவ்வளவு கரண்ட் வீணாகுதுங்கிறதை. குளிக்கிறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி போட்டு அணைக்கிற வீட்ல அஞ்சு ஸ்டாருக்கும் மூணு ஸ்டாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நாள் முழுக்க ஆன்லயே விடுறவங்களுக்குத் தெரியும். ஏஎம்சி, எக்ஸ்டென்டட் வாரண்டி? 15 லிட்டர் கீசருக்கு நான் எடுக்க மாட்டேன். அந்தக் காசுல ஆர்சிசிபி போடுவேன்.

வாடகை வீடுன்னா யார் கொடுக்கணும்?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வரும். மத்திய அரசு 2021-ல வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தோட ரெண்டாவது அட்டவணை, கீசர் ரிப்பேர், சுவிட்ச், சாக்கெட் ரிப்பேர் எல்லாத்தையும் குடியிருக்கிறவர் பொறுப்புல வைக்குது. எலக்ட்ரிக்கல் வயரிங் மாத்துறது ஓனர் பொறுப்பு. அது மாதிரிச் சட்டம்தான், தமிழ்நாட்டுக்கு 2017-ல போட்ட தனி வாடகைச் சட்டம் இருக்கு. உங்க அக்ரிமெண்ட்ல என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க. நடைமுறையில நான் சொல்றது: எலிமென்ட், வால்வு செலவுக்கு ஓனரோட மல்லுக்கட்ட வேண்டாம். எர்த், வயரிங், ஆர்சிசிபி மூணையும் மட்டும் விடாம கேளுங்க. இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்குங்க. வாடகை வருமானத்துல 30 சதவீதத்தை, ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவு பண்ணலைன்னாலும் ஓனர் வரியில கழிச்சுக்கலாம். பேச்சுவார்த்தையில இதை மரியாதையா ஞாபகப்படுத்துறதுல தப்பில்லை.

ஓனர் "நீங்க போட்டுட்டு வாடகையில கழிச்சுக்குங்க"ன்னா நல்லது. ஆனா வாடகை ரசீதுல முழு வாடகையையும் கழிச்ச தொகையையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. இல்லைன்னா ஹெச்ஆர்ஏ கணக்குல அந்த மாசம் குறைஞ்சு நிக்கும். ரிப்பேர் செலவை வாடகையோட சேர்த்து ஹெச்ஆர்ஏ கேக்கவும் முடியாது.

வாய்ப்பேச்சா விடாம வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அட்வான்ஸ் திரும்ப வாங்குற நாள்ல உதவும். நம்ம தம்பி அனுப்பினது இதுதான், வேணும்னா அப்படியே எடுத்துக்குங்க:

"வணக்கம் சார். பாத்ரூம் கீசர் சாக்கெட்ல எர்த் இணைப்பு இல்லைன்னு டெக்னீஷியன் இன்னிக்குப் பார்த்துச் சொன்னார், போட்டோ அனுப்பியிருக்கேன். போர்டுல ஆர்சிசிபியும் இல்லை. எலிமென்ட் செலவை நாங்க பார்த்துக்கிறோம். எர்த் வயரிங்கையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியையும் இந்த வாரத்துக்குள்ள போட்டுக் கொடுங்க. நாங்களே செய்யணும்னா, பில் தொகையை அடுத்த மாச வாடகையில கழிச்சுக்க சம்மதம்னு பதில் அனுப்புங்க. அதுவரைக்கும் கீசரை அணைச்சு வச்சிருக்கோம்."

ஒன்றரை மணி நேரத்துல "ஓகே"ன்னு பதில் வந்துடுச்சாம்.